நீளமான குடல் இருந்தால் புல் தின்னலாமா?

வாசகர் கேள்வி, ஜூன் 2
"புலிக்குக் குடல் குட்டை, மாட்டுக்கு நீளம். மனிதனுக்கு ஏழு மீட்டர். அப்போ நாம் மாட்டுக் கட்சிதானே? இறைச்சி நம் குடலில் நாள்கணக்கில் கிடந்து அழுகும் என்றும் ஒரு காணொளியில் சொன்னார்கள். தெரிந்தவர்கள் சொல்லவும்."

ஜூன் 3, காலை
கால்நடை மருத்துவம் படித்தவன் நான், அதனால் மூக்கை நுழைக்கிறேன். முதலில் அந்த ஏழு மீட்டர். அது பெரும்பாலும் பிணத்தை அறுத்து அளந்த கணக்கு. உயிருள்ள உடம்பில் குடற்சுவரின் தசை இறுக்கிப் பிடித்தபடியே இருக்கும். அப்போது சிறுகுடல் ஏறக்குறைய பாதி நீளம்தான் வரும். உயிர் போனதும் தசை தளர்ந்து நீண்டுவிடுகிறது. எந்த விலங்கை எந்த நிலையில் அளந்தார்கள் என்று பார்க்காமல் நீளத்தை நீளத்தோடு ஒப்பிடுவது வீண் வேலை.

குடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று அடுத்து யாராவது எழுதுவார்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 2014இல் ஸ்வீடனில் இரண்டு ஆய்வாளர்கள் உட்சுவர் மடிப்புகளையும் நுண்விரல்களையும் நுண்ணோக்கியில் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். செரிமானப் பாதை முழுவதற்கும் சேர்த்து சுமார் 32 சதுர மீட்டர் வந்தது. ஒரு பெரிய அறைக்குள் அடங்கிவிடும். பாடப்புத்தகங்கள் இன்னும் மைதானத்தை விட்டு வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புல்லில் இருப்பது பெரும்பாலும் செல்லுலோஸ். அதை உடைக்கும் நொதி மாட்டுக்குக் கிடையாது. குதிரைக்குக் கிடையாது, யானைக்குக் கிடையாது, நமக்கும் கிடையாது. முதுகெலும்புள்ள எந்த விலங்கும் அந்த நொதியைச் சொந்தமாகத் தயாரிப்பதில்லை. கரையான்கள் சிலவற்றுக்கு உண்டு, அது வேறு கதை. மற்றவை எல்லாம் நுண்ணுயிர்களைக் குடியமர்த்தி அவற்றை வேலை வாங்குகின்றன. அதனால் கேட்க வேண்டியது குடலின் நீளத்தை இல்லை. நுண்ணுயிர் எங்கே குடியிருக்கிறது? இரைப்பைக்கு முன்னாலா, சிறுகுடலுக்குப் பின்னாலா? நான் இங்கே எழுதப்போவது எல்லாமே இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வரும்.

ஜூன் 3, இரவு
அழுகல் விஷயம் விட்டுப்போச்சு. இறைச்சியின் புரதத்தை இரைப்பையில் பெப்சின் என்ற நொதி வெட்ட ஆரம்பிக்கிறது, கணையத்திலிருந்து வரும் டிரிப்சின் வகையறா சிறுகுடலில் மேலும் வெட்டுகின்றன, சிறுகுடல் முடிவதற்குள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உள்ளே இழுக்கப்பட்டுவிடும். பெருங்குடலை எட்டி அங்கே பாக்டீரியா கையில் சிக்குவது அதிகமும் காய்கறி, பயறு, தானியத்தின் நார்தான். 'அழுகுவது' எது என்று பந்தயம் கட்டினால் காணொளிக்காரர் தோற்பார். பயறு தின்றபின் வரும் வாயுவே சாட்சி.

ஜூன் 4
மாடு எப்படிப் புல் தின்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, கையை விட்டுப் பார்ப்பது வேறு. கல்லூரியில் ஃபிஸ்டுலா போட்ட மாடு ஒன்று இருந்தது. இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் ஓட்டை போட்டு, முதல் வயிறான ரூமெனின் சுவரைத் தோலோடு தைத்து, ரப்பர் வளையம் வைத்து அடைப்பான் போட்டிருப்பார்கள். அடைப்பானைக் கழற்றித் தோள்பட்டை வரை கையுறை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விடவேண்டும்.

முதலில் உறைப்பது சூடு. மாட்டின் உடல் சூட்டைவிட ஒரு துளி அதிகம், 39 டிகிரிக்கு மேலேயே இருக்கும். நொதித்தல் தன் பங்குக்குச் சூடு கிளப்புகிறது. அப்புறம் புளித்த பச்சைவாடை, மூன்று தடவை குளித்தாலும் போகாது. மேலே புதிதாகத் தின்ற புல் நனைந்த வைக்கோல்போர் மாதிரி அடர்ந்து மிதக்கும். விரலால் அதை விலக்கிக்கொண்டு கீழே போனால் கூழ், அதற்கும் கீழே தண்ணீர்ப் பதம். கை உள்ளே இருக்கும்போதே சுவர் சுருங்கி அந்த மொத்தத்தையும் ஒருமுறை புரட்டும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை அப்படி. நம் கையையும் சேர்த்துத் தள்ளும். பயந்து கையை உருவாதவர்கள் எங்கள் வகுப்பில் குறைவு.

ஒரு சொட்டு எடுத்து, சூடு ஆறாத கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் புரோட்டோசோவா என்ற ஒருசெல் உயிர்கள் இங்கும் அங்கும் ஓடும். தகடு ஆறினால் வேகம் குறையும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பாக்டீரியாவோ ஒரு மில்லிலிட்டரில் ஆயிரங்கோடிக் கணக்கில் இருக்கும். இவை எல்லாம் சேர்ந்து செல்லுலோஸை உடைத்து அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்று சின்னச் சின்ன கொழுப்பு அமிலங்களாகக் கழிக்கின்றன. மாட்டுக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பங்கு, சுமார் 70 சதவீதம், இந்தக் கழிவிலிருந்து வருகிறது. அமிலம் இப்படிக் குவிந்தால் வயிறு கெட்டுவிடுமே? அதற்குத்தான் எச்சில். பெரிய மாடு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் விழுங்கும், அதில் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் நிறைய. அசைபோடுவது அரைப்பதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், எச்சில் ஊற வைப்பதும் அதே வேலைதான். தானியத்தை ஒரேயடியாகத் தின்றுவிட்ட மாடு படுத்துவிடுவது இதனால்தான். மாவுச்சத்து மளமளவென்று நொதிக்கும், அமிலம் எகிறும், அசைபோடாததால் எச்சிலும் வராது.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. இவ்வளவு உழைத்த நுண்ணுயிர்கள் அங்கேயே நிம்மதியாக இருக்க முடியாது. கூழோடு சேர்ந்து நான்காவது வயிற்றுக்குத் தள்ளப்படும். அது நம் இரைப்பை மாதிரி அமில வயிறு. அங்கே பாக்டீரியாவின் சுவரைக் கரைக்க லைசோசைம் என்ற நொதி தயாராக இருக்கும். நம் கண்ணீரில் கிருமி கொல்ல இருக்கும் அதே வகை நொதியை மாடு செரிமானத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறது. சைவப் பிராணி என்று நாம் சொல்லும் மாடு தன் புரதத்தில் பெரும்பகுதியை நுண்ணுயிர்களைத் தின்றுதான் பெறுகிறது. வேடிக்கை என்னவென்றால், இலை தின்னும் லங்கூர் வகைக் குரங்குகள் மாட்டுக்குச் சொந்தமே இல்லாமல் தனியாக இதே ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. முன்னால் நொதிக்கும் வயிறு, பின்னால் லைசோசைம்.

ஜூன் 4, பிறகு
மாட்டுக்கு வலிக்காதா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். அறுவை நடக்கும்போது மரப்பு ஊசி உண்டு. ஆறியபின் வலி இல்லை. நாங்கள் கையை விட்டிருக்கும்போதே அது முன்னால் புல் மென்றுகொண்டிருக்கும். பல வருஷம் வாழும். வேறொரு மாடு தின்னாமல் கிடந்தால் இதிலிருந்து ரூமென் நீரை எடுத்து, ஆறாமல் ஃபிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துப்போய், அதன் வயிற்றுக்குக் குழாய் வழியாக விடுவோம். நல்ல குடிகளை ஏற்றுமதி செய்கிற மாதிரி. பல சமயம் அடுத்த நாளே எழுந்து தின்னும்.

ஜூன் 5
ஓட்டை போட்ட மாடு என்றதும் ஓட்டை விழுந்த மனிதர் ஞாபகம் வந்துவிட்டது. 1822 ஜூனில் வட அமெரிக்காவின் மக்கினாக் தீவில் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளம் தொழிலாளி மீது மிக நெருக்கத்தில் துப்பாக்கி வெடித்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் சிகிச்சை செய்தார். பிழைக்கமாட்டார் என்று நினைத்தவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இரைப்பையின் ஓட்டை மூடாமல் வயிற்றுத் தோலோடு ஒட்டி ஆறிவிட்டது. 1825 முதல் போமான்ட் அந்த ஓட்டை வழியாகப் பட்டு நூலில் கட்டிய உணவுத் துண்டுகளை இறக்கினார், மணிக்கணக்கு வைத்து இழுத்துப் பார்த்தார். இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து உடல் சூட்டில் வைத்தபோது, உடம்புக்கு வெளியேயும் இறைச்சி கரைந்தது. செரிமானம் வயிற்றுச் சூட்டில் வேகுவதா, அரைபடுவதா, அழுகுவதா என்று அதற்குமுன் நடந்த சண்டைக்கு இது பெரிய அடி. ஸ்பல்லன்சானி போன்றவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இந்தப் பக்கம் காட்டியிருந்தாலும், உயிருள்ள மனிதனின் இரைப்பைக்குள் நேராகப் பார்த்து விரிவாக எழுதியது இவர்தான். புத்தகம் 1833இல் வந்தது. செயின்ட் மார்ட்டினுக்குக் கோபம் வந்தால் செரிமானம் மாறுகிறது என்பதையும் குறித்து வைத்தார். கோபம் வராமல் என்ன செய்யும்? வீட்டு வேலையும் செய்யச் சொல்லி, நடுநடுவே வயிற்றில் நூலையும் விட்டால்.

டாக்டர் 1853இல் போய்ச் சேர்ந்தார். ஓட்டை வயிற்றுக்காரர் 1880 வரை இருந்தார். உடலை மருத்துவர்கள் தோண்டி எடுத்துவிடக்கூடாது என்று குடும்பத்தார் அழுகவிட்டுத்தான் ஆழமாகப் புதைத்தார்களாம்.

ஜூன் 7
பின்னால் நொதிக்கும் கட்சி. குதிரை, யானை, காண்டாமிருகம், முயல். இவற்றின் இரைப்பை ஒன்றுதான், நம்முடையது மாதிரி. சிறுகுடல் தாண்டியபின் ஒரு பெரிய பையும் தடித்த பெருங்குடலும் இருக்கும், நுண்ணுயிர் அங்கே வேலை செய்யும். கொழுப்பு அமிலங்கள் கிடைத்துவிடும், அதில் குறையில்லை. ஆனால் நுண்ணுயிர்களின் புரதம்? அதைச் செரித்து உறிஞ்ச வேண்டிய சிறுகுடல் ஏற்கெனவே முன்னால் போய்விட்டது. சாணியோடு வெளியே போகும்.

முயலுக்கு இந்த நஷ்டம் பொறுக்கவில்லை. அது இரண்டு வகைப் புழுக்கை போடும். கெட்டியானது நாம் பார்ப்பது. மென்மையான, சளிப் படலம் மூடிய இன்னொரு வகையை வெளியே விழக்கூட விடாமல் குனிந்து வாயிலேயே வாங்கி விழுங்கிவிடும். புரதமும் பி வகை வைட்டமின்களும் இரண்டாம் சுற்றில் உள்ளே போகும். முயல் வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு "ஏதோ கெட்ட பழக்கம், எப்படி நிறுத்துவது" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நிறுத்தினால் முயல் மெலியும் என்பதுதான் பதில்.

யானை தின்பதில் பாதிகூடச் செரிப்பதில்லை. யானை லத்தியைக் கையில் உடைத்துப் பாருங்கள், நாரும் குச்சியும் முழுசாக இருக்கும், விதை இருந்தால் முளைக்கும்.

ஜூன் 8
நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தால் மாடு கெட்டிக்காரி, குதிரை ஏமாளி என்கிற தொனி வந்திருக்கிறது. அப்படி முடிவு கட்டக்கூடாது. மாட்டின் முதல் வயிற்றிலிருந்து துகள் பொடியானால்தான் அடுத்த அறைக்கு வழி கிடைக்கும். காய்ந்த, தடித்த, சத்தில்லாத தீனியாக இருந்தால் உள்ளே தங்கித் தங்கி வயிறு நிறைந்துவிடும்; மாடு மேற்கொண்டு தின்ன முடியாமல் நிற்கும். குதிரைக்கு அந்தத் தடை இல்லை. குறைவாகச் செரித்தாலும் நிறையத் தின்று வேகமாகத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும், நாளில் பெரும்பகுதி மேய்ச்சல்தான். மட்டமான புல் ஏராளமாகக் கிடக்கும் இடத்தில் குதிரை ஜெயிக்கும், நல்ல புல் அளவாகக் கிடக்கும் இடத்தில் மாடு.

இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் உள்ள தசை அவ்வளவு இறுக்கம். வயிற்றில் வாயுவோ தீனியோ கட்டிக்கொண்டால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இறக்கவேண்டும், நேரம் தவறினால் இரைப்பை கிழிந்தே போகும். நள்ளிரவில் ஒரு குதிரை தரையில் புரண்டுகொண்டிருக்க, குழாய் இறங்காமல் நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

ஜூன் 8, மாலை
மாட்டு வயிற்றின் மீத்தேன் வாயு பின்பக்கமாகத்தானே வருகிறது என்று கேட்டவருக்கு: பின்பக்கம் அல்ல ஐயா, வாய்ப்பக்கம். மாட்டின் மீத்தேன் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏப்பமாகவும் மூச்சிலும்தான் வெளியேறுகிறது. ஒரு நாளைக்கு 250 முதல் 500 லிட்டர் வரை. ஏப்பம் விட வழியில்லாமல் நுரை அடைத்துக்கொண்டால் இடது பக்கம் பானை மாதிரி ஊதி, மூச்சு முட்டிச் செத்தே போகும். மாட்டின் ஏப்பத்தைக் கிண்டல் செய்பவர்கள் உப்பிய மாட்டை ஒருமுறை பார்த்தால் கிண்டலை விட்டுவிடுவார்கள்.

ஜூன் 11
"பாண்டா மூங்கில் தின்கிறதே, அதற்கு எத்தனை வயிறு?" அருமையான கேள்வி. ஒன்றே ஒன்று. கரடிக் குடும்பம். குடல் குட்டை, நொதிக்கத் தனிப் பை எதுவும் இல்லை, ஊனுண்ணியின் குடலேதான். அதை வைத்துக்கொண்டு மூங்கில் தின்கிறது, தின்பதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் செரிக்கிறது. அதனால்தான் நாளெல்லாம் உட்கார்ந்து மென்றுகொண்டே இருக்கிறது.

அப்போ மனிதன்? நம் செரிமானப் பாதையில் பாதிக்கு மேல் சிறுகுடல். சிம்பன்சி, கொரில்லாவுக்குப் பெருங்குடல்தான் பெரிசு. அதாவது உறவுக்காரர்கள் பின்னால் நொதிக்கும் வேலையை நம்பி வாழ்கிறார்கள். நாம் சுலபமாகச் செரிக்கும், சத்து செறிந்த உணவுக்குத் தக்கபடி இருக்கிறோம். அது இறைச்சியாகவும் இருக்கலாம், கிழங்காகவும் இருக்கலாம், சமைத்ததாக இருந்தால் இன்னும் சுலபம். நெருப்பு செய்யும் வேலையில் பாதி, உடம்புக்கு வெளியே நடக்கும் செரிமானம்தான். மாட்டுக் கட்சியும் இல்லை, புலிக் கட்சியும் இல்லை.

அதற்காக நம் பெருங்குடல் சும்மா இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். நாரிலிருந்து அங்கேயும் கொழுப்பு அமிலங்கள் உருவாகின்றன. நம் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு வரை அதிலிருந்து வரலாம். பெருங்குடல் சுவரின் செல்கள் பியூட்டிரிக் அமிலத்தைத்தான் முக்கிய எரிபொருளாகக் கொள்கின்றன.

ஜூன் 12
பித்தப்பை எடுத்தவர்கள் என்ன தின்னலாம் என்று கேட்டவருக்கு: உங்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். எனக்கும் எடுத்துவிட்டார்கள், கல். படுக்கையில் கிடந்தபோது என் ஆறுதல் குதிரைக்குப் பித்தப்பையே கிடையாது என்பதுதான். யானைக்கும் எலிக்கும் கிடையாது. பித்தம் சுரப்பது கல்லீரல், பை வெறும் கிடங்கு. நாள் முழுக்க மேயும் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பித்தம் வடிந்தால் போதும், சேர்த்து வைக்க அவசியமில்லை. ஒரே வேளையில் கொழுப்பாகச் சாப்பிடுகிறவனுக்குத்தான் கிடங்கு வேண்டும். ஆரம்பத்தில் எண்ணெய்ப் பண்டம் தின்றால் வயிறு கலக்கியது, இப்போது சகஜமாகிவிட்டது. குதிரை மாதிரி அவ்வப்போது கொறிக்கக் கற்றுக்கொண்டேன், வீட்டில் அதற்கும் கேலி.

ஜூன் 13
பித்தப்பை இருக்கட்டும், இரைப்பையே இல்லாமல் வாழும் ஜீவன்கள் உண்டு. கெண்டை மீனுக்கு இரைப்பை கிடையாது, உணவுக்குழாய் நேராகக் குடலில் சேரும். பிளாட்டிபஸ் என்ற முட்டையிடும் பாலூட்டி, இரைப்பை அமிலத்துக்கும் பெப்சினுக்குமான மரபணுக்களையே தொலைத்துவிட்டது. மனிதருக்கும் இரைப்பையை முழுசாக எடுக்கலாம். சூரிச்சில் கார்ல் ஸ்லாட்டர் 1897இல் செய்து நோயாளி பிழைத்தார். புரதத்தை வெட்டக் கணையம் போதும். சிக்கல் வேறு இடத்தில் வரும். வைட்டமின் பி12ஐ உறிஞ்ச உதவும் புரதம் இரைப்பையில்தான் சுரக்கிறது. கல்லீரலில் இருப்பு இருப்பதால் உடனே தெரியாது, வருஷங்கள் கழித்து இரத்தசோகையாக வெளிப்படும். அதனால் ஆயுள் முழுக்க பி12 கொடுத்துவர வேண்டும்.

ஜூன் 15
இரைப்பை ஏன் தன்னையே செரித்துக்கொள்ளவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று ஏற்பாடு. பெப்சின் செயலற்ற வடிவில்தான் சுரக்கும், அமிலம் பட்டபின்தான் விழிக்கும். சுவர் மேல் கெட்டிச் சளி, அதற்குள் பைகார்பனேட். மேல்பரப்பு செல்கள் சில நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகும். இந்த ஏற்பாடு தோற்கும் இடத்தில் புண்.

புண்ணுக்குக் கவலைதான் காரணம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லியே என் அப்பாவைக் கூடுதலாகக் கவலைப்பட வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைச் சுட்டிக்காட்டியபோது, அமிலத்தில் கிருமி வாழாது என்று பலர் தலையாட்டவில்லை. 1984இல் மார்ஷல் அந்தப் பாக்டீரியாக் கரைசலை எடுத்துக் குடித்தே விட்டார். சில நாளில் வாந்தி, வாய்நாற்றம், உள்நோக்கியில் இரைப்பை அழற்சி. 2005இல் நோபல். அந்தப் பாக்டீரியா யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. வலி மாத்திரைகளை நெடுநாள் விழுங்குவது இன்னொரு பெரிய காரணம், அதை மறந்துவிடாதீர்கள். அப்பாவுக்கு இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்ததும் வலி போயிற்று. கவலை போகவில்லை.

ஜூன் 19
கடைசியாக மலைப்பாம்பு, இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பர்மிய மலைப்பாம்பு வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடப் பட்டினி கிடக்கும். அந்தக் காலத்தில் அதன் குடல் சுருங்கி மெலிந்திருக்கும், இரைப்பையில் அமிலமே இருக்காது, ஏறக்குறைய நடுநிலை. இரை உள்ளே போனதும் ஒரு நாளைக்குள் அமிலம் பெருகும். குடலின் எடை இரண்டு மடங்காகும். இதயம் இரண்டே நாளில் 40 சதவீதம் பெருக்கும். உடலின் ஆக்சிஜன் செலவு ஓய்வு நிலையைப்போல நாற்பது மடங்கு வரை போகும். அசையாமல் கிடக்கும் பாம்பு, ஓடும் குதிரை மாதிரி உள்ளுக்குள் மும்முரமாக இருக்கிறது. செரித்து முடிந்தபின் எல்லாம் மறுபடி சுருங்கும். உறுப்புகளைச் சும்மா பராமரிப்பதற்கு ஆகும் செலவு அதற்குக் கட்டுப்படி ஆகவில்லை. தின்ற பாம்பைக் கையில் தூக்கி விளையாடாதீர்கள். பயந்தால் இரையைக் கக்கிவிடும், அத்தனை முதலீடும் வீண்.

ஜூன் 19, இரவு
நமக்கும் பாம்பு மாதிரி ஆகுமா என்று கேட்டவருக்கு: இல்லை, நாம் பட்டினி கிடந்தால் இதயம் அப்படி ஏறி இறங்காது. ஆனால் பட்டினி நீண்டால் நம் குடலின் நுண்விரல்களும் குட்டையாகும். நாள்கணக்காகத் தின்னாமல் கிடந்த விலங்கு சிகிச்சைக்கு வந்தால் முழுத் தீனியை ஒரேயடியாகப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். குடல் மட்டும் காரணமில்லை, இரத்தத்தில் பாஸ்பேட் மளமளவென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கும் ஆபத்தும் உண்டு. அதைப் பற்றி யாராவது மனித மருத்துவர்கள் எழுதினால் நல்லது, என் அனுபவம் நாய், மாட்டோடு சரி.